கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனார்

கங்கைப் பேராற்றின் கிளையாகிய ஹூக்ளி, கல்கத்தா நகரைக் கடந்து தெற்கே வளைந்து செல்லும் கரையே நாம் வாழும் கார்டன் ரீச். வேலை தேடி வந்த தமிழர் பலருக்கு இப்பகுதி ரயில்வே அலுவலகமாகவும், துறைமுகமாகவும், கப்பல் கட்டும் தளமாகவும் மட்டுமே தோன்றும். ஆயின் இக்கரைக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் தூத்துக்குடித் தமிழர் ஒருவருடைய வாழ்வும் தாழ்வும் பின்னிக் கிடக்கின்றன என்பதை நம்மவரில் பலர் அறியார். அதனை நம் அன்பர்கட்கு, சிறப்பாக இளைஞர்க்கு, எடுத்துரைப்பது கடமை எனக் கருதி இச்சிறு வரலாற்றை வரையலானோம்.

1856ஆம் ஆண்டில் இரு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. அயோத்தி நாட்டு மன்னர் வாஜித் அலி ஷாவின் அரசைக் கிழக்கிந்தியக் கம்பெனி பறித்துக்கொண்டது. முடியிழந்த அம்மன்னர் கல்கத்தா வந்து, கார்டன் ரீச்சை ஒட்டிய மேட்டியாபுருஜில் தங்கி, 1887இல் இங்கேயே காலமானார். வாணிகம் செய்ய வந்த ஒரு கம்பெனி மன்னனை முடியிறக்கியதற்கு இக்கரையே சான்று. அதே 1856இல் வில்லியம் மக்கின்னன் என்னும் ஸ்காட்லாந்து வணிகர், கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே தபால் கொண்டு செல்லும் அரசாங்க ஒப்பந்தத்தை நம்பிக் கப்பல் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். 1862இல் அது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி எனப் பெயர் மாறியது. மக்கள் அதனைச் சுருக்கமாகப் பி. ஐ. கம்பெனி என்றனர். கல்கத்தாவிலிருந்த மக்கின்னன் மெக்கன்சி நிறுவனமே அதன் நிர்வாகத்தை நடத்தியது. இந்த ஆற்றில் வளர்ந்த அக்கம்பெனியை நூற்றுக்கணக்கான காத தூரத்துக்கு அப்பால், தென்கோடியில் நின்று எதிர்த்தவரே வ. உ. சிதம்பரம் பிள்ளை.

பிறப்பும் தொழிலும்

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையில் உள்ள ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை. தாயார் பரமாயி அம்மாள். தந்தையாரும் வக்கீல் தொழில் செய்தவர். மகனும் பிளீடர் தேர்வில் தேறி ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். ஏழைகளின் வழக்குகளைப் பொருள் கருதாது நடத்தியதால் போலீசாரின் பகையும் ஊராரின் அன்பும் ஒருங்கே அவரை வந்தடைந்தன. 1900ஆம் ஆண்டளவில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். தமிழிலும் சைவ நூல்களிலும் ஆழ்ந்த பற்றுடைய அவர், அந்நாளில் அமைதியாகப் பொருளீட்டி வாழ்ந்திருக்கலாம்.

அவ்வமைதியைக் குலைத்தது வங்காளமே. 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் கல்கத்தா நகர மண்டபத்தில் அந்நியப் பொருள் விலக்குத் தீர்மானம் நிறைவேறிற்று. அக்டோபர் 16ஆம் நாள் கர்சான் பிரபுவின் அரசாங்கம் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. சுதேசியம் என்னும் தீ நாடெங்கும் பரவியது. சென்னையில் இராமகிருஷ்ண மடத்தை நிறுவி நடத்திய வங்காளத் துறவி சுவாமி இராமகிருஷ்ணானந்தரைச் சந்தித்தது தம் உள்ளத்தில் சுதேசிய விதையை ஊன்றியதாகச் சிதம்பரனாரே பின்னாளில் எழுதியுள்ளார். வங்கம் ஊன்றிய விதை பொருநைக் கரையில் முளைத்தது எனின் மிகையாகாது.

கடலில் ஒரு கம்பெனி

துணியும் உப்பும் தீப்பெட்டியும் சுதேசியாக இருந்தால் போதுமா? அவற்றை ஏற்றிச் செல்லும் கப்பல் யாருடையது? இதுவே சிதம்பரனார் கேட்ட கேள்வி. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அரிசியும் துணியும் போயின. தோட்டத் தொழிலாளரும் வணிகரும் நாள்தோறும் போய்வந்தனர். அப்போக்குவரத்து பி. ஐ. கம்பெனியின் கையில் இருந்தது. கட்டணம் அது வைத்ததே. ஏற்றுமதி நாள் அது குறித்ததே.

முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றின் கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தனர். அந்த ஏற்பாடு நிலைக்காமல் போகவே, சொந்தக் கப்பல் வேண்டும் எனச் சிதம்பரனார் துணிந்தார். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், அதாவது வங்கப் பிரிவினையின் முதலாம் ஆண்டு நினைவு நாளன்று, சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்ச ரூபாய், ஒரு பங்கின் விலை 25 ரூபாய், பங்குகள் 40,000. பாலவநத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வள்ளல் இரண்டு லட்ச ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கினார். சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகராக உதவினார். சாதியும் சமயமும் பாராது, பெருஞ்செல்வரும் சிறுகடைக்காரரும் ஒரே ஏட்டில் பங்குதாரராகப் பெயர் எழுதினர். பங்கு விலையை 25 ரூபாயாக வைத்தது கூரிய சிந்தனை. அதனால் எளிய வணிகரும் கம்பெனிக்கு உடைமையாளர் ஆகலாயினர்.

சிதம்பரனார் பம்பாய் சென்று கப்பல் வாங்க முயன்றார். கப்பலோடு வராவிடில் ஊர் திரும்பேன் எனச் சூளுரைத்துப் புறப்பட்டார் என்பர். 1907ஆம் ஆண்டு காலியா, லாவோ என்னும் இரு நீராவிக் கப்பல்கள் தூத்துக்குடியை அடைந்தன. காலியாவில் மூன்றாம் வகுப்பில் மட்டும் 1,300 பேர் பயணம் செய்யலாம். 4,000 மூட்டைகள் ஏற்றலாம். கரையில் திரண்ட மக்கள் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லில் அடக்குதல் அரிது.

கட்டணப் போரும் அதன் உட்பொருளும்

பி. ஐ. கம்பெனி வாளாவிருக்கவில்லை. கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. பின்னர் வெள்ளையர் கம்பெனி கட்டணமே வாங்காது ஏற்றிச் செல்லவும், பயணிகட்குக் குடை கொடுக்கவும் முன்வந்தது என்று சொல்லப்படுகிறது.

இதன் சூட்சுமத்தை நாம் சிந்திக்க வேண்டும். 1914இல் பி. அண்டு ஓ. கம்பெனியுடன் இணைந்தபோது பி. ஐ. கம்பெனியிடம் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் இருந்தன. ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் ஆப்பிரிக்கக் கரையிலும் ஈட்டிய லாபத்தைக் கொண்டு கொழும்பில் நஷ்டப்பட அதனால் இயலும். இரண்டே கப்பலும் ஒரே வழியும் உடைய கம்பெனிக்கு அந்த நஷ்டமே சாவோலை. எதிரி அழிந்த மறுநாள் கட்டணம் மீண்டும் ஏறும். இலவசக் குடையின் விலையையும் பயணியே கொடுத்துத் தீர்க்க நேரும்.

இவ்வகை வாணிகப் போர் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்க நாட்டில் ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியும் விலையைக் குறைத்துச் சிறு வணிகரை வீழ்த்தியது என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாயிற்று. அங்கே 1890இல் இயற்றிய ஷெர்மன் சட்டம் இருந்தது. பத்திரிகைகள் அஞ்சாது எழுதின. அரசாங்கமே வழக்குத் தொடுத்தது. 1911இல் உச்ச நீதிமன்றம் அக்கம்பெனியைப் பல கூறுகளாகப் பிரிக்க ஆணையிட்டது. அதே 1911இல் தூத்துக்குடியில் கலைக்கப்பட்டது எது? பெருங்கம்பெனியன்று, அதனை எதிர்த்த சிறு சுதேசிக் கம்பெனியே. ஆங்கே சட்டம் கம்பெனியை விசாரித்தது. ஈங்கே கம்பெனிக்கு இடையூறானவரைச் சட்டம் விசாரித்தது. அஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை இனிக் காண்போம்.

ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தம்

தூத்துக்குடியில் ஹார்வி சகோதரர்களின் நிறுவனம் இரு தொழில்களைச் செய்தது. கோரல் மில் என்னும் பஞ்சாலையை நடத்தியதும் அதுவே, பி. ஐ. கம்பெனியின் ஏஜெண்டாக விளங்கியதும் அதுவே. ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். சிறுவரும் அவருள் இருந்தனர். நெடுநேர வேலை, குறைந்த கூலி, வார விடுமுறையின்மை ஆகிய இவையே அவர்தம் நிலை.

1908ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். கூட்டங்களில் பேசினர், உணவுக்குப் பொருள் திரட்டினர், வேறிடத்தில் வேலை தேடிக் கொடுத்தனர். நாவிதரும் வண்ணாரும் கூட ஆலை முதலாளிகட்கு ஆதரவானோர்க்குத் தொழில் செய்ய மறுத்தனர் என்பர். மார்ச்சு முதல் வாரத்தில் நிர்வாகம் இணங்கியது. கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. தொழிற்சங்கம் என்னும் சொல்லே நம் மக்களிடம் வழங்காத நாளில் கிட்டிய வெற்றி இது.

கப்பலில் போட்டியிட்டவர் ஆலையிலும் வென்றார். ஒரே நிறுவனத்தின் இரு கைகளும் சுட்டன. இனி வாணிகப் போட்டியால் அவரை வீழ்த்த இயலாது என்பது தெளிவாயிற்று. அரசாங்கத்தின் கை நீண்டது.

கைதும் தண்டனையும்

அந்நாளில் வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையாக இருந்தார். அவர் செய்த குற்றம் யாது? அரவிந்தர் மீது தொடரப்பட்ட வந்தே மாதரம் பத்திரிகை வழக்கில் சாட்சி சொல்ல மறுத்தார். அதற்கு ஆறு மாதச் சிறை. அவ்விடுதலையை மார்ச்சு 9ஆம் நாள் கொண்டாடத் தூத்துக்குடி மக்கள் முனைந்தனர். அதிகாரிகள் தடுத்தனர், சிதம்பரனார் பின்வாங்கவில்லை. கல்கத்தாவில் ஒருவர் வாய் திறவாமைக்குச் சிறை சென்றார். அவரை வாழ்த்தி வாய் திறந்தமைக்குத் தூத்துக்குடியில் மற்றொருவர் சிறை செல்லும் நிலை உண்டாயிற்று.

மார்ச்சு 12ஆம் நாள் கலெக்டர் விஞ்சின் ஆணையால் சிதம்பரனார், சிவா, பத்மநாப அய்யங்கார் ஆகியோர் திருநெல்வேலியில் காவலில் வைக்கப்பட்டனர். மறுநாள் ஊர் கொதித்தெழுந்தது. கடைகள் அடைபட்டன, நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடித் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை கூலிக்காக அன்று, தம் தலைவருக்காக.

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 124-அ என்னும் இராஜத்துரோகப் பிரிவின்கீழ் வழக்கு நடந்தது. சிதம்பரனார் வெடிகுண்டு வீசியவரல்லர், படை திரட்டியவருமல்லர். மேடையில் பேசினார், அவ்வளவே. அப்பேச்சுகளுக்குப் போலீசார் எழுதிவைத்த குறிப்புகளே சாட்சியாயின. 1908ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். தாம் பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை; சிவாவுக்கு இடமும் துணையும் அளித்ததற்கு மற்றோர் ஆயுள் தண்டனை; சிவாவுக்குப் பத்தாண்டு. இரண்டு ஆயுளை ஒரே உடலில் எவ்வாறு கழிப்பது என்று நாடே திகைத்தது. லண்டனிலிருந்த இந்திய மந்திரி மார்லி பிரபுவே இத்தண்டனைகளின் கொடுமையைக் கண்டு வைசிராய் மின்டோ பிரபுவுக்குத் தம் அதிருப்தியை எழுதினார். சென்னை உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டில் தண்டனையைப் பெரிதும் குறைத்தது. அதே ஜூலை மாதம் 22ஆம் நாள் பம்பாயில் திலகர் பெருமானும் அதே பிரிவின்கீழ் ஆறாண்டுத் தண்டனை பெற்றார்.

பேச்சைக் குற்றமாக்கும் வழக்கம் குடியரசு நாடுகளையும் விடவில்லை என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். அமெரிக்க நாட்டில் யூஜின் டெப்ஸ் என்னும் ரயில்வேத் தொழிலாளர் தலைவர் இருந்தார். 1894இல் புல்மன் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1918இல் கேண்டன் நகரில் போரை எதிர்த்து ஆற்றிய ஒரு சொற்பொழிவுக்காகப் பத்தாண்டுத் தண்டனை பெற்று, 1921 டிசம்பரில் விடுதலையானார். கம்பெனிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் செய்த அதே நாடு, தொழிலாளர் தலைவரின் நாவையும் கட்டியது. ஆதலின் சட்டம் ஏட்டில் இருத்தல் மட்டும் போதாது. அதனைக் காக்க விழிப்புடைய மக்களும் வேண்டும்.

சிறையும் செக்கும்

கோயமுத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் சிதம்பரனார் பட்ட பாடு கல்லையும் கரைக்கும். சணல் கிழித்துக் கை புண்ணாயிற்று. மாடு இழுக்கும் எண்ணெய்ச் செக்கை வெயிலில் இழுத்தார். ஆயினும் உள்ளம் தளரவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலை மனம் போல வாழ்வு எனத் தமிழாக்கினார். மெய்யறம் என்னும் அறநூலையும் இயற்றினார். உடலைச் செக்கில் கட்டிய அரசாங்கத்தால் அவர்தம் தமிழைக் கட்ட முடியவில்லை.

அவர் உள்ளே இருக்கையில் வெளியே கம்பெனி தேய்ந்தது. அரசாங்கத்தின் சினத்துக்கு அஞ்சிய பங்குதாரர் ஒதுங்கினர். நிர்வாகிகளிடையே மனவேற்றுமை வளர்ந்தது. கப்பல்கள் கைவிட்டுப் போயின. 1911இல் கம்பெனி கலைந்தது. அவ்வாண்டு ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று தானும் உயிர் நீத்தான். தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தபோது சுதேசிக் கம்பெனிக்குப் பகையாய் நின்றவர் என ஆஷ் கருதப்பட்டிருந்தார். நேரிய வழியில் பேசவும் கூடவும் வாணிகம் செய்யவும் இருந்த கதவுகள் அடைபட்டபின் குருதி சிந்திற்று. கொலையை நாம் போற்றோம். ஆயினும் கதவடைத்தவர் பொறுப்பையும் மறவோம்.

விடுதலைக்குப் பின்

1912ஆம் ஆண்டு டிசம்பரில் சிதம்பரனார் விடுதலையானார். ஒருகாலத்தில் பல்லாயிரவர் சூழ வாழ்ந்தவரை வரவேற்கச் சிறை வாயிலில் ஒருசிலரே நின்றனர் எனக் கூறுவர். வக்கீல் சன்னதும் போயிற்று, செல்வமும் போயிற்று. சென்னையில் சிறு கடை வைத்துப் பார்த்தார், கைகூடவில்லை. அந்நாளில் அவரை நினைத்தவர் யாவர்? கடல் கடந்து தென்னாப்பிரிக்காவில் உழைத்த இந்தியர், அவருக்கெனப் பணம் திரட்டிக் காந்தியடிகள் வாயிலாக அனுப்பினர். கடிதங்கள் பல போய்வந்தபின், 1916இல் 347 ரூபாய் 12 அணா அவர் கையை அடைந்தது. பிறந்த ஊரில் வாழ்ந்தோர் மறந்தபோது புலம்பெயர்ந்தோர் மறக்கவில்லை. வெளிமாநிலத்தில் வாழும் நாம் இதனை எண்ணிப் பெருமை கொள்ளலாம். பெருமையோடு பொறுப்பும் உண்டு என்பதை உணரலாம்.

1920ஆம் ஆண்டு செப்டம்பரில் கல்கத்தாவில் காங்கிரசின் சிறப்பு மாநாடு கூடியது. சிதம்பரனார் அதில் கலந்துகொண்டார். காந்தியடிகளின் ஒத்துழையாமைத் திட்டம் அவருக்கு உடன்பாடாகவில்லை. அம்மாநாட்டில் விபின் சந்திர பாலரும் அதனை எதிர்த்தார் என்பது குறிக்கத்தக்கது. தம் கருத்தை மறைத்துப் பதவியில் ஒட்டிக்கொள்ளாது, காங்கிரசை விட்டு விலகினார். பின்னர் 1927இல் சேலம் அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். சென்னையிலும் கோவையிலும் தொழிலாளர் சங்கப் பணி செய்தார். வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னது மீண்டும் கிடைத்தது. நன்றி மறவாத சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கில ஆட்சியைப் பகைத்தாரேயன்றி ஆங்கிலேயரைப் பகைத்தாரல்லர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பிற்காலத்தில் கோவிற்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வறுமையோடு வாழ்ந்தார். திருக்குறளுக்கு உரை கண்டார். தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் உயிர் நீத்தார்.

நாம் கொள்ளத்தக்கது

காலம் சுழன்றது. தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நம் கார்டன் ரீச்சிலோ, 1960இல் அரசாங்கம் ஏற்ற கப்பல் தளம் மறுவருடமே அஜய் என்னும் போர்க்கப்பலைக் கட்டி முடித்தது. விடுதலை இந்தியாவில் கட்டப்பட்ட முதற் போர்க்கப்பல் அதுவே. கப்பல் தேடி அலைந்த அப்பெரியார் கண்டிருப்பின் எத்துணை மகிழ்ந்திருப்பார்! அவரைச் சிறையிலிட்ட 124-அ பிரிவு, விடுதலைக்குப் பின்னும் எழுபது ஆண்டுகட்கு மேல் நம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது; 2024 ஜூலை முதல் நாள் பழைய தண்டனைச் சட்டத்தோடு அதுவும் நீங்கியது. ஆயினும் நாட்டின் ஒருமைக்கு ஊறு செய்வதைத் தண்டிக்கும் வேறு பிரிவு புதிய சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. எனவே விழிப்பு இன்றும் வேண்டுவதே.

சுதேசிக் கம்பெனி எதனால் வீழ்ந்தது? இலவசக் குடையால் மட்டும் வீழவில்லை. பணம் படைத்த நிறுவனமும் அதிகாரம் படைத்த அரசாங்கமும் கைகோத்தபோது, நடுவில் நிற்கவேண்டிய பேச்சுரிமையும் கூடும் உரிமையும் இல்லாதொழிந்தன. அவ்வுரிமைகளை மேடைப் பேச்சாளர்க்கு மட்டும் உரிய ஆடம்பரம் என எண்ணுதல் பேதைமை. 25 ரூபாய்ப் பங்கு வாங்கிய கடைக்காரரின் முதலுக்கும், ஆலையில் நூற்ற தொழிலாளரின் ஞாயிற்றுக்கிழமைக்கும் அவையே காவல்.

மற்றொன்றும் உண்டு. கப்பல் வந்த நாளில் கரையில் திரண்டவர் பல்லாயிரவர். சிறை திறந்த நாளில் நின்றவர் சிலர். பொதுக்காரியத்துக்கு மாலையிடும் கைகள் பல. இடர் வந்தபோது தாங்கும் கைகளே வேண்டுவன. விழா நாளில் மட்டுமன்றி, உறுப்பினர் ஒருவர் துன்புறும் நாளிலும் கூடி நிற்கும் சங்கமே சங்கம். இக்கரையில் வாழும் தமிழராகிய நாம் அத்தகைய சங்கமாக விளங்குவதே சிதம்பரனாருக்குச் செலுத்தும் உண்மை அஞ்சலியாகும்.

வாழ்க வ. உ. சி. புகழ்! வளர்க நம் ஒற்றுமை!